இருமல் இல்லாமலும் வரும் காசநோய்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காசநோய்னா நமக்கு இருமலும் சளியும்தான் ஞாபகம் வரும். அந்தக் கிருமி மூச்சு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஆனால் பிறகு ரத்தத்தில் கலந்து கழுத்து, முதுகெலும்பு, குடல், மூளை உறை, கர்ப்பப்பை என்று எங்கேயும் தங்கும். நுரையீரலில் வரும் காசநோய் ஆண்களுக்கு அதிகம்; வெளியே வருவதில் பெண்களின் பங்கு கூடுதல்.

கிருமி புகுந்த எல்லாருக்கும் நோய் வராது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தால்தான் தலைதூக்கும். எச்.ஐ.வி., சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், வீட்டில் காசநோயாளி இருப்பவர்கள் கவனமா இருக்கணும். ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூளை உறையையே தாக்கலாம்.

இதையெல்லாம் விட நம்மகிட்ட அதிகம் இருப்பது சத்துக்குறைவு. தறியில் நின்னாலும், பீடி சுத்தினாலும், பூக்கட்டினாலும், எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தைத்தானே சாப்பிடுறோம்? ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. காசநோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. பருப்பும் ஒரு மருந்துதான்!

கழுத்தில் நெறி கட்டினால் நம்ம ஊரில் கோயில் புற்றுமண் பூசுவோம். நம்பிக்கையோடு பூசுங்க. ஆனால் ரெண்டு வாரத்தில் குறையாத கட்டியை டாக்டரிடம் காட்டுங்க. சளியில் கிருமி இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. கட்டியில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிக்கணும். விடாத முதுகுவலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தாலும் அப்படித்தான். கர்ப்பப்பைக் காசநோயால் குழந்தை தங்காமலும் போகலாம். மருமகளைக் குறை சொல்லும் முன் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க.

கல்யாணம் தட்டிப்போகும்னு பெண்பிள்ளையின் கட்டியைத் தாவணிக்குள் மறைக்காதீங்க. நுரையீரல் சுத்தமாக இருந்தால் இது பொதுவாக அடுத்தவருக்குத் தொற்றாது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். பெரும்பாலும் ஆறு மாதம். எலும்பு, மூளை என்றால் கூடுதல் காலம். 2024 நவம்பரிலிருந்து சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கே வருகிறது.

ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு எழுதி முடித்ததும், "யாருக்காவது கட்டி, காய்ச்சல், எடை குறைவு இருக்கா?" என்று கேளுங்க. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு இல்லை என்றால் உள்கடனில் அவருக்கே முதலிடம். துணைக்கு ஒருத்தி கூடப் போகணும்.

இன்றைக்கு ராத்திரி நமக்கும் ஒரு தட்டு முதலிலேயே எடுத்து வைப்போம்.