மலைநாட்டு மக்களின் உணவும் ஆயுர்வேத நெறியும்

உடம்பைப் பேணுவதில் மருந்தினும் முற்பட்டது உணவு என்பது முன்னோர் கண்ட உண்மை. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் பெயருடையது. ஆயினும் அவ்வதிகாரத்துள் ஒரு மூலிகையின் பெயரோ ஒரு சூரணத்தின் பெயரோ காணப்படுவதில்லை. உண்ணும் அளவு, உண்ணும் காலம், உடம்புக்கு ஒத்த உணவு ஆகியவற்றைப் பற்றியே வள்ளுவர் மிகுதியும் பேசுகின்றார். ஆயுர்வேத நூல்களும் சித்த மருத்துவ நூல்களும் இக்கருத்தையே விரித்துரைக்கின்றன. நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு இந்நெறி எவ்வாறு பயன்படும் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தம்முள் ஒத்து நிற்பதே உடல்நலம் என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை. இவற்றைத் தமிழர் வளி, அழல், ஐயம் என்பர். இவை ஒத்து நிற்பதற்கு எல்லார்க்கும் பொதுவான உணவுப் பட்டியல் ஒன்றுண்டோ எனின், இல்லை என்பதே நூல்கள் தரும் விடை. உணவை ஆராய்வதற்குச் சரக சங்கிதை எட்டுக் கூறுகளை வகுக்கின்றது. பொருளின் இயல்பு, அதனைப் பக்குவம் செய்யும் முறை, பிற பொருளோடு சேரும் சேர்க்கை, அளவு, இடம், காலம், உண்ணும் ஒழுங்கு, உண்பவரின் நிலை என்பன அவை. ஓர் உணவு நல்லதா, தீயதா என்று வினவுவதற்கு முன், யாருக்கு, எங்கே, எப்போது, எவ்வாறு சமைத்தது என்று வினவவேண்டும்.

இவ்வினாக்களை மலைநாட்டில் எழுப்பிப் பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே தை, மாசி மாதங்களில் அதிகாலையில் உறைபனி படிவதும் உண்டு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கங்களிலோ வைகாசி தொடங்கித் தென்மேல் பருவமழை விடாது பெய்யும். குளிர்காலத்தில் வயிற்றின் செரிமானத் தீ வலுவாக இருக்குமாதலின், நெய்ப்பும் திண்மையும் உள்ள உணவு ஏற்றது என்பது ஆயுர்வேதத்தின் துணிபு. மழைக்காலத்தில் அத்தீ தணிவதால், இஞ்சி, மிளகு, சீரகம் சேர்த்த எளிய சூடான உணவையே அது விதிக்கின்றது. உண்பவரின் நிலையைப் பார்த்தாலோ, நனைந்த சரிவுகளில் கொழுந்துச் சுமையுடன் ஏறி இறங்கும் பெண்ணே முதலில் கண்முன் நிற்கின்றாள். குளிரும் கடும் உழைப்பும் வாதத்தை மிகுவிப்பன. அத்தகைய உடம்பு வெப்பத்தையும் நெய்ப்பையும் ஊட்டத்தையும் வேண்டி நிற்கும்.

அவளுக்குக் கிடைப்பது யாது? 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட பின்னர், கோப்பித் தோட்டங்கள் படிப்படியாகத் தேயிலைத் தோட்டங்களாயின. அக்காலத்தில் தோட்ட நிருவாகம் அரிசியை வழங்கி, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் வெளிநாட்டுக் கோதுமை மா அரிசியோடு போட்டியிட்டு லயத்து அடுப்பங்கரையில் நிலைபெற்றது. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்கும் சமைத்துவைத்து, பெரட்டுக்கு ஓடவேண்டிய பெண்ணுக்கு ரொட்டி விரைவில் முடியும் வேலை. பகலுக்கும் அதனைக் கட்டிக்கொண்டு மலையேறலாம். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சீனியிட்ட வெறுந்தேநீரும் இவ்வாறே தோட்டத்து உணவாயின.

இவ்வுணவை அறுசுவை கொண்டு அளந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கோதுமையும் தேங்காயும் சீனியும் இனிப்பு. மிளகாய் கார்ப்பு. உப்பு உவர்ப்பு. தேசிக்காய் புளிப்பு. தேயிலைச் சாயம் துவர்ப்பு. ஐந்து சுவைகள் வந்துவிட்டன. வராதது கைப்பு. பாகற்காயும் கைப்புடைய கீரைகளும் இவ்வுணவில் இல்லை. வந்த சுவைகளும் ஒத்த அளவில் வரவில்லை. இனிப்பே மிகுந்து நிற்கின்றது. கோதுமையை ஊட்டம் தரும் தானியமாக ஆயுர்வேதம் போற்றுவது மெய்யே. ஆனால் அப்புகழ் முழுத் தானியத்துக்கு உரியது. தவிடு நீக்கி வெளுத்த மா அதே பொருளன்று. பக்குவம் மாறினால் குணமும் மாறும் என்பது அந்நூல்களே கூறும் விதி.

தேநீரைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். துவர்ப்பு மிகுந்தால் உடம்பு வறண்டு, மலம் கட்டி, வாதம் ஓங்கும் என்பர் வைத்தியர். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கின்றன என்பது இன்றைய விஞ்ஞானம். இரு வழியாலும் பெறும் பாடம் ஒன்றே. உணவோடு தேநீர் அருந்துதல் தகாது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ அருந்துக. கீரையோடு தேசிப்புளியோ, உணவின்பின் நெல்லிக்கனியோ கொய்யாப்பழமோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடம்பில் சேரும்.

இஃது ஏட்டளவிலான கணக்கன்று. 2016ஆம் ஆண்டில் நடந்த இலங்கையின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர். தாயின் உடம்பில் குருதி குன்றினால் அது சேயின் வளர்ச்சியையும் குன்றச் செய்யும். ஒரே தானியத்தை நம்பி வாழ்வதிலும் இடர் உண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது லயங்களின் அடுப்பே முதலில் அந்நெருக்கடியை உணர்ந்தது. வறுமையும் குறைந்த கூலியும் இதற்கு மூலகாரணங்கள். அவற்றை உணவு நெறி ஒன்றே நீக்கிவிடாது. எனினும் கையிலுள்ள சிறு பொருளை எதிற் செலவிடுவது என்பதில் இந்நெறி துணைசெய்யும்.

முதலாவது, பயறு. பருப்பு வகைகளுள் பயறே சிறந்தது என்று சரக சங்கிதை கூறுகின்றது. ஒரு பிடி பயற்றை இரவில் ஊறவைத்து அவித்து ரொட்டியோடு உண்டால், மாச்சத்தோடு புரதமும் கிட்டும். இரண்டாவது, குரக்கன். ரொட்டி மாவிற் பாதியைக் குரக்கன் மாவாக மாற்றினால் சுவை கெடாது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. மூன்றாவது, கீரை. வல்லாரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி ஆகியவை வீட்டோரத்து ஒரு சிறு பாத்தியிலும் வளர்வன. கரட்டும் லீக்ஸும் கோவாவும் நுவரெலியாவிலிருந்து லொறி லொறியாக வெளியூர் செல்கையில், அவற்றை விளைவிக்கும் மண்ணில் வாழ்வோர் இலைக்கறியின்றி உண்பது பொருந்தாது. பீட்ரூட், நோக்கோல் ஆகியவற்றின் இலைகளும் நல்ல கறியாகும். களைநாசினி தெளித்த தேயிலை மலையில் மட்டும் கீரை பறித்தலாகாது. நெத்தலிக் கருவாடு சிறிது சேர்ந்தால் இன்னும் நன்று.

கீரை குளிர்ச்சி, மழைக்கு ஆகாது என்று சிலர் விலக்குவர். பிள்ளை பெற்ற தாய்க்கோ பத்தியம் என்னும் பெயரால் கீரையும் மீனும் பழமும் பல நாள் மறுக்கப்படுவதுண்டு. ஆயுர்வேதத்தின் கருத்து அதுவன்று. பக்குவத்தால் குணத்தை மாற்றலாம் என்பதே அதன் கொள்கை. குளிர்ச்சியென்று அஞ்சும் கீரையை மிளகு, பூண்டு, சீரகம் சேர்த்துச் சுடச்சுடச் சமைத்தால் அக்குறை நீங்கும். பிள்ளைபெற்ற உடம்பு இழந்த குருதியை மீட்கவேண்டிய காலத்தில் அதற்கு ஊட்டத்தை மறுப்பது பத்தியம் ஆகாது, பட்டினியே ஆகும்.

உணவு நெறி வைத்தியத்துக்கு மாற்று அன்று என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும். முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, உடல் சோரும் நிலையைப் பழைய நூல்கள் பாண்டு என்றன. அதற்கு இரும்பு கலந்த மருந்துகளையே பண்டை வைத்தியரும் வழங்கினர். ஆகவே கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஒதுக்குவது பழமையைப் பேணுவதும் ஆகாது. 1973ஆம் ஆண்டு முதல் தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் என வழங்கத் தொடங்கிய திரிபோஷா மாவும் அவ்வாறே. அதனை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொண்டால், உரியவளுக்கு எஞ்சுவது ஒரு கரண்டியே.

சரகர் கூறிய எட்டுக் கூறுகளுள் உண்ணும் ஒழுங்கும் ஒன்று. தோட்டத்து வீடுகளிற் கணவன் உண்டு, பிள்ளைகள் உண்டு, இறுதியில் எஞ்சியதை உண்பவள் தாய். நாளெல்லாம் மலையேறி உழைத்தவளும், கருவைச் சுமப்பவளும், பாலூட்டுபவளும் அவளே. உண்பவரின் நிலை அறிந்து உணவளிக்கவேண்டும் என்னும் விதியின்படி முதற்பங்கு அவளுக்கு உரியது. குரக்கனும் கீரையும் வாங்கச் சிறிது பணம் வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றுவதற்கோ ஒரு சதமும் வேண்டுவதில்லை. இன்றிரவே தாயும் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும் வீட்டில் ஆயுர்வேத நெறியின் முதற்படி அமைந்துவிட்டது எனலாம்.