மஞ்சளாகும் ரப்பர் நாற்று: நீர் மிகையா? உரக் குறைவா?

(நாற்றுப்பண்ணைத் தொழிலாளர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



பால்மரத்தைப் பற்றி உங்களிடம் புதிதாக ஒன்றைக் கூறுவது எளிதன்று. விடியுமுன் எழுந்து, மழையையும் வெயிலையும் தாங்கி, மரத்தோடு மரமாக வாழ்கின்றவர்கள் நீங்கள். ஆயினும் வெட்டு மரத்தை அறிந்த அளவுக்கு, பையில் நிற்கும் இளநாற்றை நம்மில் பலர் அறிய முற்படுவதில்லை. "சிறு செடிதானே, நீர் ஊற்றினால் வளர்ந்துவிடும்" என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணத்தால் நலிந்துபோகும் நாற்றுகள் பல.

இந்நாட்டில் ரப்பர் வேரூன்றியதே இளநாற்றுகளைப் பேணிக் காத்த கதைதான். 1877ஆம் ஆண்டில் லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 நாற்றுகளே. அவற்றுள் 9 நாற்றுகள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அன்று அவற்றுக்கு நீர் வார்த்தவர்கள் கவனம் தவறியிருந்தால், பின்னர் எழுந்த பெருந்தொழிலின் கதை வேறாகியிருக்கும்.

இன்றும் நிலை அதுவே. இன்று பையில் நிற்கும் நாற்று, ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 50 சென்டிமீட்டர் சுற்றளவு பெற்று வெட்டுக்கு வரவேண்டும். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் தரவேண்டும். பையில் வேர் கெட்ட செடி, தோட்டத்தில் நட்டபின் எளிதில் தேறாது. அதன் பட்டையும் இலகுவாக உரியாது. ஆகவே ஒட்டுக் கட்டுவோரின் உழைப்பும் வீணாகும்.

வாடிய செடிக்கெல்லாம் தாகமா?

நாற்று ஒன்று வாடி நிற்கிறது. மண்டோர் வருகிறார். "தண்ணீர் ஊற்றவில்லையா?" என்பதே அவர் கேட்கும் முதல் கேள்வி. பழி வரக்கூடாதே என்று தொழிலாளி மேலும் இரண்டு வாளி ஊற்றுகிறார். மறுவாரம் இலை மஞ்சளாகிறது. "சத்துக் குறைவு" என்று ஒரு பிடி உரம் வைக்கப்படுகிறது. அதற்கடுத்த வாரம் செடி மாண்டுவிடுகிறது. ஊற்றியவரும் உழைத்தார், உரமும் செலவாயிற்று. செடி மாண்டது தாகத்தாலும் அன்று, பசியாலும் அன்று. மூச்சுத் திணறியே மாண்டது.

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களின் இடையே உள்ள சிறு வெளிகளில் நீரும் இருக்கவேண்டும், காற்றும் இருக்கவேண்டும். அவ்வெளி முழுவதையும் நீரே அடைத்துக்கொண்டால் வேர் மூச்சு விட முடியாமல் அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே, கழுத்தளவு நீரில் நிற்கும் செடியும் தாகத்தால் வாடுவது போலவே வாடுகிறது. சத்தையும் வேர் எடுக்க இயலாததால், இலை பசியால் வெளுப்பது போலவே வெளுக்கிறது. மேலும், நீர் தேங்கிய மண்ணில் உள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றாகக் கலைந்துபோகிறது. எனவே, இலையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம்.

இன்னொன்றையும் இங்கே கூறவேண்டும். ரப்பரின் இளந்தளிர் செம்பு நிறத்துடன் துவண்டு தொங்குவது இயற்கை. புதிதாக வேலைக்கு வந்தவர் அதைக் கண்டு செடி வாடுகிறதென்று மயங்கக்கூடும். சில நாட்களில் அத்தளிர் பசுமையேறி நிமிரும். நண்பகல் வெயிலில் சிறிது தளர்ந்து, மறுநாள் விடியலில் நிமிர்ந்து நிற்கும் செடிக்கும் நோயில்லை. விடியலிலும் முற்றிய இலைகள் தொங்கினால்தான் நாம் கவலைப்படவேண்டும்.

முதலில் மண்ணைக் கேளுங்கள்

நோயாளியின் நாடியைப் பார்க்காமல் வைத்தியர் மருந்து கொடுப்பதில்லை. நாற்றுக்கு நாடி மண்ணில் இருக்கிறது. வாடிய செடியைக் கண்டால் பின்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

முதலாவது, விரலைப் பை மண்ணில் இரண்டு கணு ஆழம் செலுத்துங்கள். மேல்மண் உலர்ந்தும் அடிமண் ஈரமாக இருப்பதுண்டு. மேல்மண் நனைந்தும் அடிமண் காய்ந்திருப்பதும் உண்டு. விரலுக்கு ஈரம் தட்டினால் நீர் ஊற்றவேண்டாம்.

இரண்டாவது, பையைச் சற்றே தூக்கிப் பாருங்கள். நலமாக உள்ள செடியின் பையையும் நலிந்த செடியின் பையையும் தூக்கி ஒப்பிட்டால், எது நீரில் கனக்கிறது, எது காய்ந்து இலேசாக இருக்கிறது என்பதைக் கை சொல்லிவிடும்.

மூன்றாவது, மண்ணின் மேற்பரப்பையும் பையின் துளைகளையும் பாருங்கள். மேலே பச்சைப் பாசி படர்ந்திருந்தால், அம்மண் காயவே இல்லை என்று பொருள். துளைகளைக் களிமண் அடைத்திருக்கலாம். பைகளைப் பள்ளத்தில் வரிசையாக இறக்கி வைத்திருந்தால், மழைநீர் வடிய வழியின்றி அப்பள்ளமே குளமாகியிருக்கலாம்.

நான்காவது, ஐயம் தீராவிட்டால், மண்டோரின் அனுமதி பெற்று, மோசமான செடி ஒன்றின் பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். நல்ல வேரின் நுனி வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும். விரலால் இழுத்தால் தோல் கழன்று நடுநார் மட்டும் மிஞ்சும். சாக்கடைச் சேற்றின் நாற்றமும் வீசும். ஒரு செடியை இழந்து நூறு செடிகளைக் காப்பது நட்டமாகாது. "நீர் ஊற்றவில்லையா?" என்ற கேள்விக்கும் அந்த வேரே விடை கூறும். உங்கள் உழைப்பின்மீது வரும் பழியை நீக்கும் சான்றும் அதுவே.

ஐந்தாவது, பண்ணையைச் சற்றுத் தொலைவில் நின்று பாருங்கள். பள்ளமான ஓரத்தில் மட்டும் செடிகள் வெளுத்திருந்தால் குறை வடிகாலில் இருக்கக்கூடும். பண்ணை முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்தால் மண்ணையோ உரத்தையோ ஐயுறலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளுத்திருந்தால், அந்தந்தப் பையின் துளை, பூச்சி, நோய் ஆகியவற்றைத் தேடவேண்டும்.

பிறகு இலையைப் படியுங்கள்

மண் பதமாக இருக்கிறது, வேரும் வெண்மையாக இருக்கிறது. ஆயினும் இலை வெளுக்கிறது என்றால், அப்போதுதான் சத்துக் குறைவை எண்ணவேண்டும். அங்கே நாம் கேட்கவேண்டிய கேள்வி, "வெளுத்தது மூத்த இலையா, இளைய இலையா?" என்பது.

உணவு குறைந்த வீட்டில் தாய் தன் பங்கைப் பிள்ளைக்கு ஊட்டிவிடுகிறாள். செடியிலும் அவ்வாறே, தழைச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை குறைந்தால் மூத்த இலை தன்னிடம் உள்ளதை இளந்தளிருக்கு அனுப்பிவிட்டுத் தான் வெளுக்கிறது. ஆனால் இரும்பும் துத்தநாகமும் அவ்வாறு எளிதில் இடம் மாறுவதில்லை. ஆகவே அவை குறைந்தால் வாட்டம் முதலில் இளைய இலையில் தெரியும்.

கீழடுக்கு இலைகள் முழுதும் ஒரே சீராக வெளிர்மஞ்சளாகி, சிறுத்து, தண்டும் மெலிந்தால் தழைச்சத்துக் குறைவு. மூத்த இலையின் ஓரம் மஞ்சளாகிப் பின்பு கருகினால் சாம்பல் சத்துக் குறைவு. நரம்புகள் பசுமையாக நிற்க, நரம்புகளின் இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகி மீன்முள் போலத் தோன்றினால் மக்னீசியக் குறைவு. வெயில் நன்கு படும் இலைகளில் இது தெளிவாகத் தெரியும். இளைய இலைகள் வெளிறி, ஏறக்குறைய வெண்மையாகவே வந்தால் இரும்புக் குறைவை ஐயுறலாம். இளைய இலை நீண்டு குறுகி, ஓரம் அலைபோல நெளிந்தால் துத்தநாகக் குறைவாகலாம். ஆனால் அருகில் தெளித்த களைக்கொல்லி காற்றில் வந்து பட்டாலும் இலை குறுகி முறுக்கிக்கொள்ளும். ஆதலால், அண்மையில் அவ்விடத்தில் மருந்து தெளிக்கப்பட்டதா என்று விசாரிப்பது நலம்.

வெளிறிய நடுவும் பழுப்பு விளிம்பும் கொண்ட சிறு வட்டப் புள்ளிகள் இலையில் நிறைந்திருந்தால், அது நாற்றுப்பண்ணைகளில் காணப்படும் பறவைக்கண் புள்ளி நோய். பூஞ்சணத்தால் வரும் அந்நோய் உரத்தால் மட்டும் தீராது. உடனே மேலாளருக்குத் தெரிவிக்கவேண்டும்.

உரம் மிகுந்தாலும் கேடு

பை சிறியது, அதில் கொள்ளும் மண்ணும் சிறிதே. பெரிய மரத்தைச் சுற்றி உரம் வீசுவது போலப் பையில் போட்டால் வேர் வெந்துவிடும். உரமிட்ட சில நாட்களுக்குள் இலையோரம் திடீரெனக் கருகி, மண்ணின் மேல் வெண்மையான உப்புப் படிந்தால் அது மிகையே. வடிகால் நன்றாக உள்ள பையாயின், வெறும் நீரை நிறைய ஊற்றிக் கழுவிவிடலாம். உரம் தண்டில் ஒட்டவும் கூடாது.

குறை எதுவென்று தெரியாமல் ஒரு சத்தை மட்டும் அள்ளிப் போடுவதும் தவறு. சாம்பல் சத்து அளவுக்கு மிஞ்சினால், செடி மக்னீசியத்தை எடுப்பது தடைப்படும். ஒரு குறையைத் தீர்க்கப்போய் மறு குறையை வரவழைத்தவர்களாவோம். அதனால்தான் நாற்றுகளுக்குத் தழை, மணி, சாம்பல், மக்னீசியம் ஆகிய நான்கும் கலந்த உரம் பயன்படுத்தப்படுகிறது. உர மூட்டையில் 15:15:6:4 என்று அச்சிட்டிருப்பது, அந்நான்கும் முறையே எந்த விகிதத்தில் உள்ளன என்பதையே குறிக்கும். அதிகாரி கூறிய அளவைக் கண்ணளவால் மாற்றாமல், அளவுக் கரண்டியால் இடுங்கள்.

நீர் மிகையும் உரக் குறைவும் சேர்ந்து வருவதும் உண்டு. ஒவ்வொரு நாளும் பையின் அடியிலிருந்து நீர் ஓடும்வரை ஊற்றினால், இட்ட உரம் அந்நீரோடு கரைந்து ஓடிவிடும். அங்கே உரத்தைக் கூட்டுவதைவிட நீரைக் குறைப்பதே மருந்து.

நலிந்த நாற்றைத் தேற்றும் முறை

நீர் மிகையால் நலிந்த செடிக்கு உடனே நீரை நிறுத்துங்கள். பையை மேட்டில் வைத்து, அடைபட்ட துளைகளைத் திறந்துவிடுங்கள். பைகளுக்கிடையே காற்றோட்டம் இருக்கட்டும். இறுகிய மேல்மண்ணைச் சிறு குச்சியால் மெல்லக் கிளறிவிடுங்கள். கடும் வெயிலாயின் சிறிது நிழல் கொடுங்கள். புதிய வெள்ளை வேர் தோன்றும்வரை உரம் இடவேண்டாம். வேர் முழுவதும் கறுத்துவிட்ட செடியை நீக்கிவிடுவதே நல்லது. அதை நட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருப்பது பயனற்றது.

கருகிய இலை மீண்டும் பசுமையாகாது. ஆகவே பழைய இலையைப் பார்த்து மனம் தளராமல், அடுத்து வரும் இலையடுக்கைப் பாருங்கள். இளநாற்றில் புதிய அடுக்கு விரிந்து முற்ற ஏறத்தாழ ஐந்தாறு வாரங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருங்கள். நலிந்த செடிகளுக்கு ஒரு குச்சி நட்டு அடையாளமிட்டு, என்ன செய்தோம், எந்த நாளில் செய்தோம் என்று எழுதி வையுங்கள். ஒரே நாளில் பல மருந்து செய்தால், எது பயன் தந்தது என்று தெரியாமல் போகும்.

ரப்பர் விதைகள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் உதிர்கின்றன. அவற்றை முளைக்கவைத்துப் பையில் நட்டு, செடி தலைதூக்கும் வேளையில் ஆண்டிறுதி மழை வந்துவிடுகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும். ஆகவே மழைக்கு முன்பே வடிகாலைத் தோண்டி, பைத் துளைகளைச் சரிபார்த்து வைப்பது அறிவுடைமை. நல்ல மழை பெய்த மறுநாள், "தினமும் ஊற்றுவது வழக்கம்" என்று வாளியைத் தூக்கவேண்டாம். பள்ளத்திலும் காலிப் பைகளிலும் நீர் தேங்கவிட்டால், டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அது இருப்பிடமாகும். வடிகால் நாற்றையும் காக்கும், நம் குழந்தைகளையும் காக்கும்.

தோழர்களே! நாற்றுப்பண்ணையில் உழைப்பவர் வெறும் வாளி சுமப்பவர் அல்லர். நாளைய மரத்தின் செவிலித் தாய் அவர். ஆதலால், நீங்கள் கண்டதைத் துணிந்து சொல்லுங்கள். "இந்தப் பையில் ஈரம் இருக்கிறது, ஊற்றவேண்டாம்" என்று ஒரு தொழிலாளி கூறினால், அதை மண்டோரும் மேலாளரும் செவிமடுத்து, விரலை மண்ணில் வைத்துப் பார்க்கவேண்டும். மண்ணைத் தொட்டு, வேரைப் பார்த்து, இலையைப் படித்து, அதன் பின்னரே வாளியையும் உரத்தையும் எடுப்போம். இவ்வொழுங்கை நாம் கைக்கொண்டால், வீணே மடியும் நாற்றுகள் பல நிமிர்ந்து நின்று பால் சொரியும்.