காலம் தாழ்ந்து கல்லூரி செல்வோர்

(ஆலய நவராத்திரி விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கலைவாணியைப் போற்றும் இந்நன்னாளில் கல்வியின் மாண்பைப் பேசுவது மரபு. பெரும்பாலும் அப்பேச்சு, தேர்வில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற மாணவர்களைப் பாராட்டுவதாகவே அமையும். அப்பாராட்டு அவர்களுக்கு உரியதே. ஆயினும் இன்றைய உரையின் பொருள், பரிசு மேடைக்கு அழைக்கப்படாத ஒருவரைப் பற்றியது. பள்ளித் தோழர்கள் பட்டம் பெற்று வேலையில் அமர்ந்துவிட்ட பிறகு, 22 வயதிலோ, 25 வயதிலோ, சில வேளைகளில் 30 வயதிலோ முதன்முறையாகக் கல்லூரி வாயிலில் கால் வைக்கும் இளைஞரும் இளம்பெண்ணுமே அவர்கள்.

இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் காலம் தாழ்ந்து கல்லூரிக்குச் செல்கிறார் என்றால், அதற்குச் சோம்பல்தான் காரணம் என்று எண்ணிவிடலாகாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத மாணவர்கள், புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த பின்னரே முதலாம் படிவத்தில் சேரும் நிலை நெடுங்காலம் இருந்து வந்தது. ஆகவே, பதின்மூன்று வயதிலேயே ஓராண்டு பின்தங்கியவர்கள் எத்தனையோ பேர். தோட்டம் விற்கப்பட்டு, குடியிருந்த வீட்டை விட்டுப் புறம்போக்கு நிலத்திற்கோ அடுக்குமாடி வீட்டிற்கோ குடிபெயர்ந்த குடும்பங்களில், எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு தொழிற்சாலைக்குச் சென்ற மூத்த பிள்ளைகள் உண்டு. அந்த அக்காளின் சம்பளம் தம்பியின் கல்லூரிக் கட்டணமாயிற்று. தம்பி பட்டம் பெற்ற நாளில், அப்பட்டத்தில் பாதி அவளுடைய உழைப்பு. தம்பி நிலைபெற்ற பிறகு அவள் தனக்கென ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பினால், அதைத் தாமதம் என்று சொல்வது எவ்வகையில் நியாயமாகும்?

எனினும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. திருமண வீட்டிலும், ஏன், இறைவன் சந்நிதியிலும்கூட, “இன்னுமா படிக்கிறாய்? உன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் வீடு வாங்கிவிட்டார்களே!” என்ற கேள்வி எழுகிறது. பெண்ணாயிருந்தால், “கல்யாண வயதில் கல்லூரியா?” என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. கேட்பவருக்கு அது பேச்சுத் துணை. கேட்கப்படுபவருக்கு அது முள். கட்டணச் சுமைக்கு அஞ்சிக் கல்வியைக் கைவிடுபவர்கள் இருப்பது போலவே, இந்த ஒரு கேள்விக்குக் கூசி, படிவத்தை நிரப்பாமலே மடித்து வைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். முன்னதற்கு நிதி வேண்டும். பின்னதற்கு வேண்டுவதோ நாவடக்கம் மட்டுமே.

அண்டை நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே இளைஞர்கள் முழுநேர தேசிய சேவையில் இரண்டாண்டு பணியாற்றிய பிறகே பெரும்பாலும் பல்கலைக்கழகம் புகுகின்றனர். அவர்களை எவரும் பின்தங்கியவர் என்று கூறுவதில்லை. எல்லாரும் சேர்ந்து தாமதித்தால் அது வழக்கம். ஒருவர் தனியே தாமதித்தால் அது குறை! ஆண்டுகள் ஒன்றே, பார்க்கும் கண்ணில்தான் வேறுபாடு.

அந்நாட்டின் அதிபராக 1999 முதல் 2011 வரை விளங்கிய எஸ்.ஆர். நாதன் அவர்களின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1924-ஆம் ஆண்டு பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப்படிப்பு முடியும் முன்னரே வீட்டைவிட்டு வெளியேறி வேலைக்குச் சென்றார். பணியிலிருந்துகொண்டே அஞ்சல்வழிப் பாடங்களைப் படித்துப் பள்ளிக் கல்வியை நிறைவு செய்தார். பின்னர், அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954-இல் சமூகவியல் பட்டயத்தைச் சிறப்புத் தகுதியுடன் பெற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. மறு ஆண்டே மருத்துவ சமூக ஊழியராக அரசுப் பணியில் சேர்ந்தார். இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராகவும் தொண்டாற்றிய அவர், நாட்டின் முதற்குடிமகனாக உயர்ந்தார்.

அன்பர்களே! இவ்வுண்மையை உணரச் சிங்கப்பூர் வரை செல்லவும் வேண்டுவதில்லை. சிவாலயங்களில் நால்வர் சந்நிதி முன் சற்று நின்றால் போதும். மூன்று வயதில் சீகாழியில் பாடத் தொடங்கியவர் திருஞானசம்பந்தர். பல்லாண்டுகள் சமண சமயத்தில் இருந்து, சூலை நோயால் வருந்தி, முதிர்ந்த பருவத்தில் திருவதிகையில் தம் முதற் பதிகத்தைப் பாடியவர் திருநாவுக்கரசர் எனப் பெரிய புராணம் கூறுகிறது. முந்தித் தொடங்கிய குழந்தை, பிந்தித் தொடங்கிய பெரியவரை ‘அப்பர்’ என்று அழைத்து வணங்கியது. முதல் மூன்று திருமுறைகள் சம்பந்தருடையவை என்றால், அடுத்த மூன்று அப்பருடையவை. ஓதுவார் பாடும்போது, இவர் எந்த வயதில் தொடங்கினார் என்று கணக்குப் பார்த்து எவரும் கைகூப்புவதில்லை.

காலம் தாழ்ந்து தொடங்குவதில் இடர் இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. மறந்துபோன கணிதத்தை மீண்டும் கற்க வேண்டும். பகலில் வேலை, இரவில் பாடம் என்று உடல் தளரும். உடன் பயிலும் பதினெட்டு வயதினர் நடுவே முதலில் தனிமை தோன்றும். சம்பாதிக்கும் ஆண்டுகள் சில குறையும். ஆனால் அவரிடம் வேறொரு செல்வம் இருக்கிறது. ஐந்தாண்டு கணக்கு எழுதிய ஒருவருக்கு வரவு செலவுப் பாடம் வெறும் ஏட்டுப் பாடம் அன்று. ஒவ்வொரு வரிக்கும் அவர் கண்ட ஓர் உண்மை நிகழ்ச்சி துணை நிற்கும். எதற்காகப் படிக்கிறோம் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

வழிகளும் இன்று பெருகியுள்ளன. வேலை செய்துகொண்டே பட்டம் பயிலும் தொலைக்கல்வியை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 2000-இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006-இல் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பள்ளிச் சான்றிதழ் போதாதவர்களுக்கு, ‘ஏப்பெல்’ எனும் முன்அனுபவக் கற்றல் அங்கீகார முறை உண்டு. 21 வயது நிறைந்து, துறை சார்ந்த வேலை அனுபவம் உடையவர், தகுதித் தேர்வெழுதி, தம் பணி ஆவணங்களைத் தொகுத்தளித்து, இளங்கலைப் படிப்பில் சேரத் தகுதி பெறலாம். பட்டயப் படிப்பிற்கு 20 வயது போதும். சில துறைகளுக்குத் தனி விதிகள் இருப்பதால், விண்ணப்பிக்கும் முன் கேட்டறிதல் நன்று. ஊழியர் சேமநிதியிலிருந்து உயர்கல்விக்காகப் பணம் மீட்கவும் வழியுண்டு. முதலாளியிடமிருந்து பணிச் சான்றுக் கடிதங்களை இன்றே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவோருக்கு நாளை அலைச்சல் குறையும்.

நிறைவாக, ஆலய நிர்வாக சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்வி உதவி நிதியின் விதிகளில் வயது வரம்பு இருக்குமாயின், அதை ஒருமுறை மறுபரிசீலனை செய்தருளுங்கள். எஸ்.பி.எம். மாணவர்களுக்குப் பரிசளிக்கும் அதே மேடையில், வேலை செய்துகொண்டே பட்டயமோ பட்டமோ முடித்தவர் ஒருவர் இருந்தால் அவருக்கும் ஒரு மாலை அணிவியுங்கள். அம்மாலையைக் காணும் கூட்டத்தில், மடித்து வைத்த படிவத்தை மீண்டும் எடுக்கத் துணியும் ஒருவர் இருக்கக்கூடும்.

பெற்றோரும் பெரியோரும், “இன்னுமா படிக்கிறாய்?” என்பதை விடுத்து, “என்ன படிக்கிறாய், அம்மா? எவ்வாறு உதவலாம், தம்பி?” என்று கேட்பார்களாக. விசயதசமியன்று ஏடு தொடங்கும் குழந்தைக்கு அருளும் கலைமகள், முப்பது வயதில் ஏடு திறப்பவருக்கும் அவ்வாறே அருள்புரிவாளாக!