கருவி மாறும், எழுத்து நிலைக்கணும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பார்வையற்ற மாணவர்களுக்காக ஒரு பிரெயில் நோட்டேக்கர் வாங்கித் தருவதென்று நம் சங்கம் தீர்மானித்திருக்கிறது. "தினமும் அதை வெச்சு வேலை பார்க்கிறவர் நீங்க. எதை வாங்கலாம்னு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். லட்சக்கணக்கில் விலையுள்ள பொருள். ஒருமுறை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்கப் பல வருஷம் ஆகும். அதனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களை மனசுவிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், நோட்டேக்கர் என்றால் என்ன? 1809இல் பிறந்த லூயி பிரெயில், 1829இல் தம் புள்ளி எழுத்து முறையை வெளியிட்டார். ஆறு புள்ளிகள், அவ்வளவுதான். அந்த ஆறு புள்ளிக்கு ஆறு விசை, இடைவெளிக்கு ஒரு விசை. இவைதான் நோட்டேக்கரின் அடிப்படை. அதன் முன்பக்கத்தில் சின்னச் சின்ன ஊசிகள் மேலெழுந்தும் தாழ்ந்தும் வரிவரியாக எழுத்தைக் காட்டும். நாங்கள் விரலால் தடவிப் படிப்போம். ஒவ்வொரு ஊசியையும் மின்சாரம் பட்டால் வளையும் ஒரு பீங்கான் பட்டை தூக்கி நிறுத்துகிறது. 32 எழுத்து வரிசை என்றால் இப்படி 200க்கு மேற்பட்ட ஊசிகள். விலை ஏன் அதிகம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

1987இல் அமெரிக்காவில் பிளேஸி இன்ஜினியரிங் நிறுவனம் 'பிரெயில் அண்ட் ஸ்பீக்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் புள்ளி வரிசை கிடையாது. விசைகளும் ஒரு குரலும் மட்டும்தான். 2000இல் 'பிரெயில்நோட்' வந்தது. பிறகு 'பிரெயில்சென்ஸ்' வந்தது. கருவிகள் வந்துகொண்டே இருக்கின்றன. பழையவை போய்க்கொண்டே இருக்கின்றன. நான் சொல்லவந்தது இந்தப் 'போய்க்கொண்டே இருப்பதை'ப் பற்றித்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, முதுகலை மாணவர். அவருடைய கருவியின் பெயர் இங்கே வேண்டாம். மூன்று வருஷப் பாடக்குறிப்பு முழுவதும் அதற்குள்ளேதான் இருந்தது. ஒருநாள் புள்ளி வரிசை எழவில்லை. விசாரித்தபோது, "இந்த மாடல் நிறுத்தியாச்சு சார், பாகம் கிடைக்காது" என்றார்கள். சரி, குறிப்புகளையாவது எடுத்துக் கம்ப்யூட்டரில் போடலாம் என்றால், எந்த ஃபைலும் திறக்கவில்லை. அது அந்தக் கருவிக்கு மட்டுமே புரியும் வடிவம். நல்ல வேளை, குரல் மட்டும் வேலை செய்தது. குரலைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, சாதாரண டெக்ஸ்ட் வடிவத்தில் மறுபடி சேமித்து வெளியே எடுத்தார். பதினோரு ராத்திரி ஆயிற்று. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

இது அபூர்வமாக நடப்பது என்று நினைக்கவேண்டாம். பழைய பிரெயில்நோட் கருவிகளுக்கு கே.டபிள்யூ.பி. என்று தனி வடிவம் இருந்தது. பிரெயில்சென்ஸுக்கு எச்.பி.எல். என்று ஒன்று. அதனதன் வீட்டுக்குள் நன்றாகவே வேலை செய்யும். பக்கத்து வீட்டுக்குப் போனால் யாருக்கும் அந்தப் பாஷை தெரியாது. அந்தக் கருவிகளிலேயே டெக்ஸ்டாகவும் வேர்டாகவும் சேமிக்கும் வழி இருந்தது. ஆனால் அதைக் கேட்டுச் செய்யவேண்டும். சும்மா 'சேமி' என்று அமுக்கினால் சொந்த வடிவத்தில்தான் போய் உட்காரும்.

அப்படியானால் பொதுவான பிரெயில் வடிவமே இல்லையா? இருக்கிறது. பி.ஆர்.எஃப். என்பார்கள். ஆறு புள்ளியில் வெற்றிடத்தையும் சேர்த்து 64 சேர்க்கைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் விசைப்பலகையில் உள்ள ஒரு குறியை ஒதுக்கிவிட்டார்கள். பெரும்பாலான பிரெயில் கருவிகளும் அச்சு இயந்திரங்களும் இதைப் படிக்கும். ஆனால் இதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, மொழி. 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது. தமிழ் 'க'வும் இந்தி 'க'வும் ஆங்கில 'கே'யும் ஒரே புள்ளிகள்தான்: ஒன்று, மூன்று. விரலுக்கு இது வசதி. ஆனால் 'இது தமிழ்' என்று சொல்லும் அடையாளம் எதுவும் பி.ஆர்.எஃப். ஃபைலுக்குள் கிடையாது. 'மாலை' என்று எழுதி அந்த ஃபைலைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஆங்கில 'எம்', கணக்கில் வரும் 'பெரியது' குறி, 'எல்', ஒரு சாய்கோடு என்று தெரியும். பார்க்கிறவர், "என்னப்பா, ஃபைல் கெட்டுப்போச்சா?" என்பார். கெடவில்லை, தமிழ்தான்! ஆகவே தம்பி தங்கைகளே, ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போதே மொழியையும் பாடத்தையும் சேர்த்து வையுங்கள்.

இரண்டு, வரி நீளம். பி.ஆர்.எஃப். ஃபைல்கள் பெரும்பாலும் காகிதத்தில் அச்சடிக்க, வரிக்கு 40 எழுத்து என்று தயாராகின்றன. 32 எழுத்துக் கருவியில் படித்தால் முதலில் 32, பிறகு மிச்சம் 8, மறுபடி 32 என்று ஒவ்வொரு வரியும் உடையும். வரிகளை ஒட்டித் தரும் வசதி கருவியில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இனி, கண் பார்வை உள்ளவர்கள் தரும் ஃபைல்களுக்கு வருவோம். பேராசிரியப் பெருமக்கள் மன்னிக்கவேண்டும், இது உங்களுக்கும்தான்! வினாத்தாளையும் பாடக்குறிப்பையும் பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்துத் தந்தால் எங்கள் கருவிக்கு அது தமிழே அல்ல. திரையில் அழகாக இருக்கும், உள்ளே வெறும் ஆங்கிலக் குறிகள்தான் இருக்கும். அதிலும் 'கொ' என்பதைக் கொம்பு, 'க', கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டாகச் சேர்த்திருப்பார்கள். யூனிகோடில் 'க' முதலில், ஒகரக் குறி அடுத்து. பிரெயிலிலும் அதே முறைதான். யூனிகோடில் தந்தால் லிப்லூயி போன்ற இலவச மொழிபெயர்ப்பு மென்பொருள் அதை நேராகத் தமிழ் பிரெயிலாக்கிவிடும். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. பக்கத்தைப் போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கித் தந்தால், அது எங்களுக்கு வெறும் படம். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

சரி, சங்கம் எதை வாங்கலாம்? ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி நான் உட்காரப்போவதில்லை. விற்பவரைக் கல்லூரிக்கே வரச்சொல்லி, நம் மாணவர்கள் கையாலேயே ஐந்து சோதனை செய்து பாருங்கள்.

முதலாவது: கருவியில் தமிழில் ஒரு பக்கம் எழுதி, பென்டிரைவில் எடுத்து, நம் நூலகக் கம்ப்யூட்டரில் திறக்கவேண்டும். தமிழாகத் திறந்ததா?

இரண்டாவது: யூனிகோடில் உள்ள ஒரு வேர்ட் ஃபைலை உள்ளே போட்டு, விரலால் படிக்கவேண்டும். 'கொ', 'கோ', 'கௌ' மூன்றும் சரியாக வருகின்றனவா?

மூன்றாவது: 2016இல் அரசு தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை இறக்கிப் படிக்கவேண்டும். டெய்சி, இ-பப், பி.ஆர்.எஃப். எல்லாம் திறக்கிறதா?

நான்காவது: உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டின் வயசு என்ன? 2016இல் வந்த பிரெயில்நோட் டச், ஆண்ட்ராய்டு 4.4இல் ஓடியது. சில வருஷங்களிலேயே புதிய செயலிகள் பல அதில் ஏறவில்லை. புள்ளி வரிசை நன்றாக இருந்தும் மூளை பழசாகிவிட்டது.

ஐந்தாவது: கம்ப்யூட்டரோடு இணைத்தால் வெறும் பிரெயில் திரையாகவும் வேலை செய்யுமா? 2018இல் பிரெயில் திரைகளுக்கென்றே பொதுவான யு.எஸ்.பி. தரம் ஒன்று வந்தது. அதை ஏற்கும் கருவி என்றால், மூளை பழசானாலும் ஊசிகள் இன்னும் பல வருஷம் உதவும்.

இந்த ஐந்திலும் தேறினால் பெரிய கருவியை வாங்குங்கள். தேறாவிட்டால், அதே பணத்தில் 'ஆர்பிட் ரீடர் 20' போன்ற சிறிய கருவிகள் சிலவற்றை வாங்கலாம். 20 எழுத்துதான் காட்டும், பேசாது. ஆனால் மெமரி கார்டிலிருந்து பி.ஆர்.எஃப். படிக்கும், குறிப்பு எழுதும், கம்ப்யூட்டரோடும் சேரும். ஒருவர் கையில் இருப்பது நான்கு பேர் கைக்குப் போகும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கருவியைத் தொடுங்கள். ஊசிக்கு வியர்வையும் தூசியும்தான் எமன். எழுதி முடித்ததை டெக்ஸ்டிலோ வேர்டிலோ ஒரு பிரதி எடுங்கள். சனிக்கிழமைதோறும் பென்டிரைவில் சேருங்கள். மூன்று வருஷம் கழித்து இந்தக் கருவியை அடுத்த தம்பியிடம் கொடுத்துவிட்டுத்தான் போவீர்கள். கையோடு கொண்டுபோவது நீங்கள் எழுதியதை மட்டும்தான். அது எந்தக் கருவியிலும் திறக்கவேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கருவி வாங்கும் தொகையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, நம் தமிழ்த் துறையின் பழைய பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் யூனிகோடுக்கு மாற்றித் தாருங்கள். எழுத்துருவை மாற்றும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பிழை பார்க்க ஆள்தான் வேண்டும். ஓய்வு பெற்ற நண்பர்கள் இத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரம் தந்தால் போதும்.