ஆஸ்பத்திரிப் பை

(பெக்கான் நானாஸ் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைய கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசவேண்டாம், உடல்நலத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். பேசுகிறோம். ஆனால் உழைத்துப் பிழைக்கிறவனுக்கு உடல் வேறு, சம்பளம் வேறு என்று இரண்டு கணக்கு ஏது? உடல் படுத்தால் சம்பளமும் கூடவே படுக்கிறது. ஆகையால் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய்ச் சேரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் தங்கப் போகிறவர் கையில் எடுத்துச் செல்லும் பை. இதற்கு ஒரு பேச்சா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் நம் குடும்பங்களில் நடப்பது என்ன? ஆஸ்பத்திரியிலிருந்து தேதி கொடுத்து வாரக்கணக்கு ஆகியிருக்கும். போவதா வேண்டாமா என்ற பயத்திலேயே நாட்கள் ஓடிவிடும். கடைசியில் வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் கைக்கு அகப்பட்டதைப் பையில் திணிப்போம். புதுச்சேலை போகும், மருந்துச் சீட்டு வீட்டிலேயே இருக்கும். பிஸ்கட் டின் போகும், மூக்குக்கண்ணாடி போகாது.

நம் பெக்கான் நானாஸ் இருக்கும் இடத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் பொந்தியான், மறுபக்கம் ஸ்கூடாய். பெரிய அறுவை என்றால் பெரும்பாலும் ஜொகூர் பாருவுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. சுல்தானா அமினா ஆஸ்பத்திரிக்கோ சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரிக்கோ எழுதிக் கொடுக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஒரு காகிதம் மறந்துபோயிற்று என்றால், அதை எடுத்து வர வீட்டில் ஒருவருடைய அரைநாளோ ஒருநாளோ போகும். அது ஒருநாள் கூலி. ஆகவே பையைச் சரியாகக் கட்டுவதும் கூலியைக் காப்பாற்றும் வேலைதான்.

முதலில் காகிதங்கள். துணிப்பைக்குள் இவற்றைப் போடவேண்டாம். தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள். அடையாளக் கார்டு, ஆஸ்பத்திரி கொடுத்த தேதிச் சீட்டு, கிளினிக்கிலிருந்து எழுதிக் கொடுத்த கடிதம், முன்பு எடுத்த எக்ஸ்ரே அல்லது ரத்தப் பரிசோதனை முடிவுகள், அவசரத்திற்கு அழைக்கவேண்டிய இருவருடைய தொலைபேசி எண்கள். கைப்பேசியில்தான் எண் இருக்கிறதே என்பீர்கள். கைப்பேசி அணைந்துபோனால் எண்ணும் அணைந்துபோகும். காகிதத்தில் எழுதி வையுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் மூன்றாம் வகுப்பில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர்கள் கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்; அங்கே போய்த் திகைக்கக் கூடாது.

இரண்டாவது, மருந்துகள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடுகிற மாத்திரைகளை எல்லாம், அட்டையோடும் புட்டியோடும் எடுத்துச் செல்லுங்கள். "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு சிவப்பு மாத்திரை" என்று டாக்டரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. நாட்டு மருந்து, லேகியம், கஷாயம், சீன மருந்து எது சாப்பிட்டாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகள் ரத்தத்தை உறையவிடாது. அறுவை மேசையில் அது ஆபத்து. ரத்தத்தை இளக்குகிற மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். நாமாக நிறுத்துவதும் தவறு, சொல்லாமல் சாப்பிடுவதும் தவறு. எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் முன்பு தடித்ததோ மூச்சு முட்டியதோ உண்டானால் அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் காகித உறையின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

சாப்பிடாமல் வா என்று சொன்ன நேரத்திலிருந்து சாப்பிடக் கூடாது. "வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது" என்று இரக்கப்பட்டு ஒரு கோப்பைத் தேநீரும் ரொட்டியும் கொடுத்துவிடுகிற தாய்மார்கள் உண்டு. மயக்கம் கொடுத்தவுடன் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே மோசம். அந்த ஒருநாள் இரக்கம் வேண்டாம்.

மூன்றாவது, நகைகள். இது நம் பெண்களுக்கு மனக்கஷ்டமான விஷயம் என்று அறிவோம். தாலி, மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். அவமதிப்பதற்காக அல்ல. அறுவையின்போது ரத்தக் குழாயை மின்சாரத்தால் சுட்டு அடைக்கிறார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுடப்படலாம். கைகால் வீங்கினால் மோதிரமும் மெட்டியும் இறுக்கிக்கொள்ளும். ஆகவே வீட்டிலேயே, பெரியவர்கள் முன்னிலையில், மனநிறைவோடு கழற்றி வைத்துவிட்டு ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு போங்கள். அதையும் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடலாம். திரும்பி வந்து கட்டிக்கொள்ளலாம். நகப்பூச்சையும் துடைத்துவிடுங்கள். விரல்நுனியில் மாட்டும் கருவி ரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்கிறது. சாயம் அதைக் குழப்பும். கட்டுப்பல் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டு வைக்க ஒரு சிறு டப்பா கொண்டுபோகவேண்டும். கடுதாசியில் சுற்றி வைத்த பல், குப்பையோடு போய்விடும்.

நான்காவது, துணிமணி. நோயாளி என்றால் படுத்தே கிடப்பார் என்றெண்ணித்தான் நாம் பை கட்டுகிறோம். அந்தக் காலம் போய்விட்டது. முன்பெல்லாம் வயிற்றில் அறுவை செய்தால் நாட்கணக்கில் படுக்கவைப்பார்கள். 1990-களில் டென்மார்க் நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலட் என்பவர், வலியை நன்றாக அடக்கி, சீக்கிரம் உணவு கொடுத்து, சீக்கிரம் எழுப்பி நடக்கவிட்டால் நோயாளி விரைவில் தேறுகிறார் என்று செய்து காட்டினார். உலகெங்கும் அந்த வழி பரவியிருக்கிறது. அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். நெஞ்சில் சளி கட்டும். ஆகவே அறுவைக்கு மறுநாளே, சில சமயம் அன்றே, தாதி வந்து எழுந்து நடங்கள் என்பார். ஈவிரக்கமற்றவர் என்று அவரைத் திட்டாதீர்கள். அவர் நம் நன்மையைத்தான் செய்கிறார்.

அப்படியானால் பையில் என்ன வேண்டும்? நடப்பதற்கு வேண்டியது. குனியாமல் மாட்டக்கூடிய, வழுக்காத ரப்பர்ச் செருப்பு. நாம் வெட்டிய பாலில் செய்த செருப்பு நம் காலைக் காக்கட்டுமே! வார்டில் அவர்கள் உடை கொடுப்பார்கள். வீடு திரும்பும் நாளுக்கு ஆண்களுக்கு ஒரு கைலியும் முன்புறம் பொத்தான் வைத்த சட்டையும், பெண்களுக்குத் தளர்ந்த கவுனோ அதே மாதிரிச் சட்டையும் போதும். தலைவழியே மாட்டுகிற இறுக்கமான உடையும், தையல்மேல் அழுத்துகிற இடுப்பு நாடாவும் வேண்டாம். இரண்டு உள்ளாடை, ஒரு துண்டு, சோப்பு, பல்துலக்கி, சீப்பு, தண்ணீர்ப் புட்டி, மூக்குக்கண்ணாடி, கைப்பேசிக்கு மின்கம்பி. பெண்களுக்கான அறுவை என்றால் மாதவிலக்குத் துணிப் பட்டைகள். ஒரு சிறு தலையணையும் இருக்கட்டும். இருமல் வந்தால் வயிற்றுத் தையல்மேல் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும். செலவுக்குச் சில வெள்ளி மட்டும் வையுங்கள். கட்டுக்கட்டாய்ப் பணம் வேண்டாம். கட்டில் அருகிலுள்ள அலமாரி சிறியது. பையும் சிறியதாகவே இருக்கட்டும்.

அங்கே போனபின் பெயர் என்ன, ஐ.சி. எண் என்ன, எந்தப் பக்கம் அறுவை என்று ஒரே கேள்வியை நாலு பேர் கேட்பார்கள். "இவர்களுக்கே தெரியாதா?" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அந்தக் கேள்வி நம் உயிருக்குப் போடும் பூட்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைக்கூடத்திற்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுடெல்லி, மணிலா, லண்டன் உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். முடிவு 2009-இல் வெளியாயிற்று: முன்பு நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்தது. கேள்வி கேட்டதால் பிழைத்தவர்கள் அவர்கள். ஆகவே எத்தனை முறை கேட்டாலும் பொறுமையோடு பதில் சொல்லுங்கள். நமக்கு விளங்காததை நாமும் கேட்கலாம். மலாயும் ஆங்கிலமும் தடுமாறுகிறவர்கள், பேசத் தெரிந்த பிள்ளை ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர்கள்.

இப்போது சம்பளத்திற்கு வருகிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் நோய்க்கால விடுப்பைச் சம்பளத்தோடு கொடுக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருடம் 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்கும்படி நேர்ந்தால் 60 நாள். முன்பு அந்த 22-ம் இந்த 60-க்குள் அடக்கம் என்றிருந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வந்த திருத்தத்திற்குப் பின் 60 நாள் தனிக்கணக்கு. ஆஸ்பத்திரியில் தங்கவேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, ஏதோ காரணத்தால் வீட்டில் இருந்தாலும், தங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் சட்டம் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்க முயலவாவது வேண்டும். இல்லையேல் அனுமதியின்றி நின்றதாகக் கணக்காகும். ஆகவே பை கட்டும்போதே ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதி, நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். பால்வெட்டுகிறவர்கள் முந்தின மாதச் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நாட்கூலிக்காரர்களுக்கும் அளவுக்கேற்றபடி கூலி வாங்குகிறவர்களுக்கும் முந்தின மாதம் சம்பாதித்ததை உழைத்த நாட்களால் வகுத்துத்தான் ஒருநாள் நோய்ச் சம்பளம் கணக்கிடப்படுகிறது. கிராணித் தோழர்களே, இந்த இடத்தில் உங்கள் உதவி பெரிது. எழுதப் படிக்கத் தடுமாறுகிற தொழிலாளிக்கு அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியவைக்கும்.

வேலையில் அடிபட்டு அறுவைக்குப் போகிறவர்களுக்கு சொக்சோ உண்டு. விபத்தை உடனே ஆபீசில் பதியச் சொல்லுங்கள், எம்.சி. குறைந்தது நான்கு நாளாவது இருந்தால் தற்காலிக இயலாமைக்கு உதவித்தொகை கிடைக்கும். 2019-லிருந்து அயல்நாட்டுத் தொழிலாளரும் வேலை விபத்துக்கு அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நம் பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் பங்களாதேசத் தோழருக்கும் பை கட்டித்தரத் தாயோ மனைவியோ இங்கே இல்லை. அவர்களுடைய பாஸ்போர்ட்டும் இன்சூரன்ஸ் சீட்டும் கையில் இருக்கிறதா என்று கேட்பது நம் கடமை. நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஆளில்லாமல் வந்து கிடந்தார்கள்.

கடைசியாக, திரும்பி வரும் நாள். மருந்து, அடுத்த தேதி, கட்டு மாற்றவேண்டிய கிளினிக், எம்.சி. ஆகிய நான்கும் கைக்கு வராமல் வார்டை விட்டு இறங்காதீர்கள். டாக்டர் "என்ன வேலை?" என்று கேட்டால் "தோட்டத்து வேலை" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடாதீர்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் மேடுபள்ளத்தில் போகிறோம், மரத்துக்கு மரம் குனிந்து வெட்டுகிறோம், காண்டா வாளியில் பால் சுமக்கிறோம் என்று விவரமாகச் சொல்லுங்கள். நாற்காலியில் இருக்கிறவருக்குக் கொடுக்கும் ஓய்வு நமக்குப் போதாது. வயிற்றறுவை செய்தவர் பாரம் தூக்காமல் ஆறு வாரம் வரை இருக்கவேண்டிவரும். நிரை கைவிட்டுப் போகும் என்ற பயத்தில் முன்கூட்டியே வாளியைத் தூக்கினால் உள்தையல் விட்டுக் குடல் இறங்கும். மறுபடியும் அதே மேசைதான். காய்ச்சல், தையலில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் இவற்றில் எது கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தோழர்களே! "ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்ப மாட்டான்" என்று பழைய லயங்களில் ஒரு பேச்சு இருந்தது. போனதால் திரும்பாதவர்களைவிட, பிந்திப் போனதால் திரும்பாதவர்களே அதிகம் என்பதே எங்கள் எண்ணம். பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தோடு உட்கார்ந்திருக்கிற வாரங்களில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். இன்றைக்குக் காகித உறை, நாளைக்கு மருந்து, மறுநாள் துணி, அதற்கடுத்த நாள் ஆபீசுக் கடிதம். பிள்ளைகளை யார் பள்ளிக்கு அனுப்புவது, யார் சமைப்பது என்று அண்டை வீட்டாரோடு பேசி வையுங்கள். அண்டை வீட்டாரும் கேட்கும்வரை காத்திராமல் தாமே முன்வரவேண்டும்.

இந்தக் கூட்டத்தில் அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டுப் போகாமல் தள்ளிப்போடுகிறவர் எவரேனும் இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வாருங்கள். கடிதம் எழுத ஆளிருக்கிறது. கூட வர ஆளிருக்கிறது. பையை மட்டும் கட்டி வையுங்கள்.