கிருமியின் கையில் ஒரு கத்தி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



அறிவியல் பேசச் சொன்னார்கள். நான் ஆய்வுக்கூடத்தில் கிருமி பார்க்கிறவன். என் சித்தப்பாவின் மைலோ டின்னிலிருந்து தொடங்குகிறேன்.

அவர் செபராங் பிறையில் பால்மரம் வெட்டியவர். கிளினிக்கில் கொடுத்த ஆண்டிபயாட்டிக் மாத்திரையை இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை அந்த டின்னில் போடுவார். லயத்தில் யாருக்குச் சளி பிடித்தாலும், "இந்தா, ரெண்டு போட்டுக்க, சரியாப் போயிடும்" என்பார். சீக்குக் கோழிக்கும் அதே வைத்தியம்தான். 'அரை டாக்டர்' என்று பட்டப்பெயர். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. இந்த மருந்து அதைத் தொடாது. ஆனால் குடலில் சும்மா கிடக்கிற பாக்டீரியாக்களைத் தொடும். மெலிந்தவை சாகும், மருந்தை வெட்டத் தெரிந்தவை பெருகும்.

எப்படி வெட்டும்? பெனிசிலின் குடும்பத்து மருந்துகளில் நான்கு அணுக்களால் ஆன சிறு வளையம் ஒன்று உண்டு. கிருமி தன் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது அதுதான். வளையம் அறுந்தால் மருந்து செத்தது. அதை அறுக்கக் கிருமிகள் நொதிகளை வைத்திருக்கின்றன. அதில் ஒரு வகைக்குத் துத்தநாகம் வேண்டும். கூரைத் தகரத்துக்குப் பூசுகிறோமே, அதே உலோகம்தான். என்.டி.எம்.-1 என்ற நொதியில் இரண்டு துத்தநாக அயனிகள் ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்து வளையத்தின்மேல் ஏவுகின்றன. பால்வெட்டுக் கத்திக்கு வாய் எப்படியோ, இதற்குத் துத்தநாகம் அப்படி.

புதுடில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு 2008ஆம் ஆண்டு சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் இது முதலில் அகப்பட்டது. ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்தியாவில் பலருக்குக் கோபம். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை, சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமி மாதிரிகளில் இதைக் காட்டியது. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் செய்தன.

இந்தக் கத்தியை முடக்க முடியாதா? கிளாவுலானிக் அமிலம் என்ற பழைய தடுப்பான் வேறு வகைக் கத்திகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கும். துத்தநாகக் கத்தியில் ஒட்ட அதற்கு இடமில்லை. இங்கே ஒன்று, துத்தநாகத்தைப் பிடுங்க வேண்டும். அல்லது அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. இருக்கிறதே, அது நன்றாகப் பிடுங்கும். ஆனால் நோயாளிக்குச் செலுத்தினால் உடம்பின் கால்சியத்தையும் இழுக்கும். நமக்கும் துத்தநாக நொதிகள் உண்டு. ரத்த அழுத்தத்துக்குப் பெரியவர்கள் சாப்பிடும் கேப்டோபிரில் அப்படி ஒன்றைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. கிருமியுடையதை மட்டும் பிடிக்கும் தடுப்பான் வேண்டும், கஷ்டம் அங்கேதான்.

2014இல் கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து துத்தநாகம் பிடுங்கும் பொருளைக் கண்டார்கள். மெரோபெனம் மருந்தோடு கொடுத்தபோது எலிகள் பிழைத்தன. மனிதருக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை. 2024இல் ஐரோப்பா வேறு வழியை அனுமதித்தது. அஸ்ட்ரியோனம் என்ற மருந்தைத் துத்தநாகக் கத்தியால் வெட்ட முடியாது. மற்றக் கத்திகள் அதை வெட்டாமலிருக்க அவிபாக்டம் கூடப் போகிறது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சித்தப்பா சிறுநீர்த் தொற்றோடு படுத்துவிட்டார். அவர் கிருமி வளர்ந்த தட்டை நானே பார்த்தேன். மருந்து வில்லைகளைச் சுற்றித் தெளிந்த வட்டமே இல்லை. இ.டி.டி.ஏ. சேர்த்த வில்லையைச் சுற்றி மட்டும் பளிச்சென்று வட்டம். என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சித்தியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மைலோ டின்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மருத்துவமனைகளிலும் இது பரவும்.

ஐந்து வாரம் ஊசி மருந்தில் கிடந்து பிழைத்து வந்தார். சித்தி டின்னோடு பஸ் ஏறி, அரசு மருத்துவமனை மருந்தகத்தில் அத்தனையையும் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். மிச்ச மருந்தை அங்கே வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலும் டின் இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள்.