நெடுந்தீவுக்கு ஒரு வான்வழி

குறிகட்டுவானில் வள்ளம் ஏறாமலே நெடுந்தீவைக் காண இன்று ஒரு வழியுண்டு. கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டே அது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் செய்மதிப் படங்களால் அமைந்த நிலவுலகம் முழுவதும் திரையில் விரிகின்றது.

புதியவர் பெரிய ஜெற் விமானத்தில் ஏற ஆசைப்படுவது இயல்பே. ஆயினும் இரண்டு இருக்கை கொண்ட செஸ்னா 152 போதும். பலாலியில் எழுந்து தெற்கே யாழ் நகரை அடைந்தால், பண்ணைப் பாலம் வேலணைக்கும், அப்பால் கடலூடு செல்லும் தெரு புங்குடுதீவுக்கும் வழிகாட்டும்.

குறிகட்டுவானில் தெரு முடிகிறது. இனிக் கடலே. தீவைத் தேடிக் கண் தாழ, விமானத்தின் மூக்கும் தாழும். பதறிப் பிடியை இழுத்தாலோ வேகம் குன்றி, இறக்கைகள் ஏந்துவிசையை இழக்கும். மூக்கிற்குச் சற்று மேலே தொடுவானத்தை அசையாது நிறுத்தப் பழகியவர்க்கே நெடுந்தீவு எட்டும். அங்கே ஓடுபாதை இல்லை. இறங்கப் பலாலிக்கே மீள வேண்டும்.